139 மேட்ச் ஆடினவரு "பாவமா"?

போன வாரம் மூஞ்சிக்கல் டீக்கடையில ஒரு வாய்த்தகராறு. பழைய ரஞ்சி ஆட்டக்காரங்களப் பத்திப் பேச்சு வந்துச்சு. நான் ஸ்ரீதரன் சரத் பேரைச் சொன்னேன். உடனே நண்பர், "யாரு, இந்தியாவுக்கு ஒரு மேட்ச் கூட ஆடாதவர்தானே? பாவம்!"னு முடிச்சுட்டாரு.

எனக்கு சுள்ளுன்னு ஏறிடுச்சு. அங்க பேசினா டீ ஆறிடும். அதான் இங்க :-)

மொதல்ல கணக்கைப் பாருங்க. 139 முதல்தர ஆட்டங்கள், 8,700 ரன், 27 சதம், சராசரி 51. தமிழ்நாட்டுக்காக 100 ரஞ்சி மேட்ச் ஆடின முதல் ஆளே இவர்தான். இது பாவமா?

அப்ப ஏன் எடுக்கலைன்னு கேப்பீங்க. அந்தக் காலத்தை யோசிங்க. சச்சினும் அசாரும் ஏற்கனவே உள்ள இருக்காங்க. 1996 ஜூன்ல லார்ட்ஸ்ல கங்குலியும் டிராவிட்டும் வந்து உக்காந்துட்டாங்க. பின்னாடியே லட்சுமண். நடுவரிசையில எந்த சீட்டும் காலி இல்ல. ரஞ்சியில 637 விக்கெட் எடுத்த ராஜிந்தர் கோயலுக்கும் இதே கதைதான். அந்த சாதனையை இன்னைக்கு வரைக்கும் யாரும் தொடலை. ஆனா அவரு ஆடினது பிஷன் சிங் பேடி காலம். இந்தியத் தொப்பி கிடைக்கவே இல்ல.

சரத்துக்கு ரஞ்சிக் கோப்பையும் அமையலை. தமிழ்நாடு அதுவரை ஜெயிச்சது 1954-55லயும் 1987-88லயும். இவர் ஆட வந்தது அதுக்கப்புறம். 1995-96, 2002-03, 2003-04னு மூணு ஃபைனல்லயும் தமிழ்நாடு தோத்துப் போச்சு. ஆனாலும் மனுஷன் அடுத்த சீசனுக்குப் பேடு கட்டிக்கிட்டு வந்து நின்னாரு.

நிற்க. இப்ப நம்ம மலைக்கு வருவோம்.

பூம்பாறைப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் இருக்காரு. பூண்டுத் தோட்டம் வச்சிருக்காரு. எங்க மலையில தட்டையான இடம் கிடைக்கிறதே அபூர்வம். தூக்கி அடிச்சா பந்து பள்ளத்துக்குள்ள போயிடும். அதனால சின்ன வயசுல எங்களுக்கு சிக்ஸ் அடிச்சா அவுட்! அந்தச் சட்டத்துல வளர்ந்ததால அண்ணன் எதையும் தரையோடதான் தட்டுவாரு. பாயிண்ட்ல நின்னா பந்து தாண்டாது.

வயசு 35 தாண்டியாச்சு. இன்னமும் சனிக்கிழமை சாயங்காலம் கிட்பேக்கைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி, வத்தலக்குண்டு வழியா திண்டுக்கல் போயி லீக் மேட்ச் ஆடிட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி வருவாரு. ஒரு தடவை நான் வாய் சும்மா இல்லாம, "எதுக்குண்ணே இந்த அலைச்சல், இனிமே உங்களை யாரு எடுக்கப் போறா?"ன்னு கேட்டுட்டேன்.

அவர் கோவப்படலை. "எடுக்கணும்னா தம்பி நான் போறேன்? அங்க பதினோரு பேரு வேணும்ல"ன்னாரு.

எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை.

யோசிச்சுப் பாத்தா அதுதான் விஷயம். ஒரு 19 வயசுப் பையன் சதம் அடிச்சான்னு கொண்டாடுறோமே, எதிர்ல பதினஞ்சு வருஷமா பந்து போடுற ஒருத்தர் நின்னாதானே அந்த சதத்துக்கு மரியாதை? மேல போற ஒருத்தனை உரசிப் பாக்குற கல்லு இவங்கதான். வாரியமே இதை லேட்டாத்தான் புரிஞ்சுக்கிச்சு. 2021ல சம்பளத்தை மாத்தினப்போ, 40 ஆட்டத்துக்கு மேல ஆடினவங்களுக்கு நாளைக்கு 60,000 ரூபாய், புதுசா வர்றவங்களுக்கு 40,000னு வச்சாங்க.

அதுக்காகப் படிப்பை விட்டுட்டு பேட்டைத் தூக்குங்கன்னு சொல்ல வரலை. அண்ணனுக்குப் பூண்டு சோறு போடுது. அது இல்லாதவங்க கஷ்டம் வேற. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். மேல போகாதவங்களை எல்லாம் தோத்தவங்க கணக்குல எழுதாதீங்க.

டீக்கடை நண்பருக்கு ஒரு தகவல். இந்தியத் தொப்பி கிடைக்காத அதே சரத், 2023 ஜனவரியில இந்திய அணித் தேர்வாளர் ஆனாரு. 2024ல டி20 உலகக் கோப்பை ஜெயிச்சு வந்த டீமை எடுத்த குழுவுல அவரும் ஒருத்தர்.

வர்ற சனிக்கிழமை அண்ணன் கூட நானும் பஸ் ஏறுறேன். ஸ்கோர் எழுத ஆள் இல்லையாம்.

டிஸ்கி: உங்க ஊர்லயும் இப்படி ஒரு அண்ணன் கண்டிப்பா இருப்பாரு. பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.