கடைசி மடுவை இறைக்கலாகாது

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் கோடை பிறந்ததும் வாய்க்கால்கள் வறண்டு விடுகின்றன. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்பட்டு ஜூன் 12-ல் திறக்கப்படுவது. இடைப்பட்ட மாதங்களில் கொள்ளிடத்து மடுக்களிலும், ஊற்றுக்கண் உள்ள குட்டைகளிலும்தான் நீர் நிற்கும். விரால், கெளுத்தி, ஆற்று வாளை முதலிய நாட்டு மீன்களின் தாய் மீன்கள் ஒதுங்குவதும் அங்கேதான். அந்தக் கடைசி நீரையும் என்ஜின் வைத்து இறைத்து மீனை வாரும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது விதை நெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும்.

ஆற்று வாளை அழியும் ஆபத்துள்ள மீன் என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியலிட்டுள்ளது. ஆழ நீரில் வாழும் இம்மீன் மழைக்காலப் புது வெள்ளத்தில் முட்டையிடும். தாய் மீன் மிஞ்சாவிட்டால் வெள்ளம் வந்தும் பயனில்லை.

குட்டையில் கை வைக்காவிட்டாலும், பக்கத்தில் அளவின்றி நிலத்தடி நீரை இறைத்தால் ஊற்று தாழும். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்திலுள்ள 'டெவில்ஸ் ஹோல்' என்னும் பாறைச் சுனையில், இயற்கையில் வேறெங்கும் இல்லாத ஓர் அங்குல மீன் வாழ்கிறது. 1968-ல் அருகிலுள்ள பண்ணை ஒன்று கிணறுகளில் நீர் இறைக்கத் தொடங்கியதும் சுனை மட்டம் இறங்கி, மீன் முட்டையிடும் பாறைத் திட்டு வெளியே தெரிந்தது. 1976-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மீன் பிழைக்கத் தேவையான மட்டம் குறையாதபடி இறைப்பைக் கட்டுப்படுத்தியது. அப்படியும் 2013-ல் எண்ணியபோது 35 மீன்களே இருந்தன. எண்ணிக்கை குறைந்துபோன இனத்தை மீட்பது அத்தனை கடினம்.

பயிர் காயும்போது மீனுக்கு நீரா என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. ஆனால் குட்டை முழுவதையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. ஆழமான ஒரு மூலையில் இடுப்பளவு நீர் நின்றால் போதும். மீன்பாசி ஏலம் விடும்போதே அந்த மூலையை இறைக்கக் கூடாது என்று ஊராட்சி நிபந்தனை விதிக்கலாம். 2000-ல் மத்திய அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை எந்தக் குளத்திலும் விடலாகாது. அது நாட்டு மீன்களைத் தின்று விடும். மருந்தடித்த தெளிப்பானை மடுவில் கழுவுவதையும் தவிர்க்க வேண்டும்.

கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுக் காப்பது நம் ஊர் வழக்கம். அதே அக்கறையை வயலோரக் குட்டைக்கும் காட்ட, வரும் கோடைக்கு முன்பே ஊர் கூடி முடிவெடுப்பது அவசியம்.