மீன் முள்ளைத் தூக்கிப் போடாதீங்க!

மீன் குழம்பு சாப்பிட்டதும் தட்டு ஓரத்தில் ஒதுக்குவோமே, அந்த முள்ளைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க மக்களே!

கல்லூரிகளில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி 2011ல் யூ.ஜி.சி. வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல விஷயம்தான், தவளைகள் பிழைத்தன. ஆனால் அதோடு சேர்த்து எலும்பைக் கையில் தொட்டுப் பார்ப்பதும் போய்விட்டது. இப்போது எல்லாம் சார்ட், பிளாஸ்டிக் மாடல், வீடியோ. என் கேள்வி இதுதான்: எப்படியும் சாப்பிடப் போகிற மீனின் எலும்புக்கூட்டை நாமே செய்தால் என்ன? அதற்காக ஒரு உயிரும் கூடுதலாகப் போகாதே!

சொல்லிவிட்டு சும்மா இருக்க முடியுமா? மார்க்கெட்டில் முழு ஜிலேபி கெண்டை ஒன்று வாங்கினேன். கட்லா, ரோகு மாதிரி சதைக்குள் பொடி முள் கிடையாது, அதனால் கற்றுக்குட்டிக்கு ஏற்ற மீன். முதல் மீனை குக்கரில் வைத்தேன். மூன்று விசில். திறந்தால் எலும்புக் கூட்டு! "ஏண்டா கண்ணு, இதைத் திங்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது" என்றார் அம்மா.

இரண்டாவது மீனுக்குப் பொறுமை வந்தது. சதையை முடிந்தவரை கத்தியால் எடுத்துவிட்டு, கொதிக்க விடாமல் சுடுதண்ணீர் மட்டும் ஊற்றி, பழைய டூத் பிரஷ், ஊசி வைத்துச் சுத்தம் செய்தேன். தலை கழன்று வரும் முன் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ. துடுப்புகளை ஈரமாக இருக்கும்போதே தெர்மாகோலில் விரித்துக் குண்டூசி குத்தினேன். சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும்.

அடுத்தது வெளுப்பது. திருப்பூர்க்காரனுக்கு இதைச் சொல்லித் தரணுமா? பிளீச்சிங் பவுடர் போட்டால் எலும்பு சுண்ணாம்பாக உதிரும். பெராக்சைடுதான் சரி. ஆனால் சலவைப் பட்டறையில் இருப்பது 50 சதவீதம், கையைப் பொசுக்கிவிடும், அந்தப் பக்கமே போகாதீங்க. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 6 சதவீதத்தில் சம அளவு தண்ணீர் கலந்தால் போதும். பிறகு முதுகெலும்புக்கு மேலே ஓடும் துவாரத்தில் மெல்லிய கம்பி கோத்து, உதிர்ந்ததைப் பசை வைத்து ஒட்டி, மரக்கட்டையில் இரண்டு கம்பிக் கால் நட்டு நிறுத்தினேன்.

இதில் என்ன கற்றேன்? செவுள் மூடி ஒரே தகடு என்று நினைத்திருந்தேன், நான்கு எலும்புகள்! தொண்டைக்குள் பல்லோடு இன்னொரு தாடை! நான் பார்த்த எந்த சார்ட்டிலும் இது இல்லை.

இன்னொன்று. இந்த ஜிலேபி நம்ம ஊர் மீனே இல்லை, ஆப்பிரிக்கா. 1952ல்தான் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அப்படியானால் நொய்யலில் இருந்தது என்ன? ஆத்தாவைக் கேட்டால் கெளுத்தி, ஆரல், விரால் என்று அடுக்குகிறார். 1992ல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது, பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயத் தண்ணீர் தேங்கியது. 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வழக்குக் காகிதம் கட்டுக்கட்டாக இருக்கும். ஆனால் ஆத்தா சொல்லும் மீன்களில் ஒன்றின் எலும்புகூட நான் படித்த பள்ளி ஆய்வகத்தில் இல்லை.

கோவையில் காஸ் வன அருங்காட்சியகம் 1902ல் தொடங்கியது. அந்தக் காலத்தவர் சேர்த்து வைத்ததை இன்றைக்கும் போய்ப் பார்க்கிறோம். நம் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு அலமாரி போதும். அமராவதி அணை மீன், திருமூர்த்தி அணை மீன், பக்கத்துக் குளத்து மீன். முக்கியமாக ஒரு சீட்டு: என்ன மீன், எந்தத் தண்ணீர், எந்தத் தேதி. சீட்டு இல்லாத எலும்பு வெறும் முள்தான்.

"நேரம் ஏது, நாற்றம் அடிக்குமே" என்பார்கள். நாற்றம் உண்மைதான், மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள். எறும்பு வராமல் தட்டைச் சுற்றித் தண்ணீர் வையுங்கள். பூனைக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை :)

அடுத்த ஞாயிறு மீன் எடுத்தால் ஒன்றை முழுசாக வாங்குங்க.