ஜோடி ஆட்டக்காரரின் பங்கு

குடகு நாட்டுக் காபித் தோட்டக்காரர் ஒருவரின் குமாரரான ஸ்ரீ ரோஹன் போபண்ணா, இருபது வருஷங்களுக்கு மேல் தொழில் முறையில் டென்னிஸ் ஆடிவிட்டு, 2025 நவம்பர் 1-ந் தேதி ஓய்வு பெறுவதாக அறிவித்தார். தேசம் அவரைப் போற்றியது, நாமும் போற்றுகிறோம். ஆனால், “ஜோடி ஆட்டத்தில்தானே ஜயித்தார்?” என்று கேட்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தத் ‘தானே’யை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

ஒற்றை ஆட்டத்தில் மைதானத்தின் அகலம் 27 அடி. ஜோடி ஆட்டத்தில் 36 அடி. அகலம் கூடியதால் ஆட்டம் சுலபமாகிவிடவில்லை. வலையருகே நிற்பவர், தம் கூட்டாளி சர்வீஸை எங்கே போடப்போகிறார் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் விரலால் ஜாடை காட்டுவது அதற்காகவே. பந்து முகத்துக்கு நேராக வரும்போது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நகர்ந்தாக வேண்டும். இது வேறொரு வித்தை. ஒற்றை ஆட்டத்தின் மிச்சமன்று.

ஒற்றை ஆட்டம் வராததால் அவர் ஜோடி ஆட்டத்துக்குப் போனார் என்போர், 2010 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். டேவிஸ் கோப்பையில் பிரேஸில் இரண்டு ஆட்டங்களை முதலிலேயே ஜயித்துவிட்டது. பின்னர் இந்தியா சமன் செய்ய, ஐந்தாவதும் முடிவானதுமான ஒற்றை ஆட்டத்தில் ரிக்கார்டோ மெல்லோவைத் தோற்கடித்தவர் போபண்ணாவே. அதற்குச் சில தினங்கள் முன்புதான் நியூயார்க்கில், பாகிஸ்தான் வீரர் ஐஸாம் உல் ஹக் குரேஷியோடு சேர்ந்து அமெரிக்கப் பந்தயத்தின் இறுதி ஆட்டம் வரை போயிருந்தார். ஐக்கிய நாடுகள் சபையிலுள்ள இரு தேசத்துப் பிரதிநிதிகளும் அந்தப் பந்தயத்தில் அருகருகே அமர்ந்து கைதட்டினார்கள். ராஜதந்திரிகளால் இயலாததை இரண்டு மட்டைகள் ஓரிரு நாள் செய்து காட்டின!

2021-ல் மாதக் கணக்கில் ஓர் ஆட்டம்கூட ஜயிக்காமல், விலகிவிடலாமா என்று எண்ணியதாக அவரே சொல்லியிருக்கிறார். முழங்கால்களில் குருத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. யோகாசனம் பழகி எழுந்தார். 2024 ஜனவரியில், 43-வது வயதில், மாத்யூ எப்டனுடன் மெல்போர்னில் பட்டம் வென்று, ஜோடி ஆட்டத்தில் உலகில் முதலாம் ஸ்தானத்தையும் அடைந்தார். அந்த வயதில் முதல் முறையாக அந்த ஸ்தானத்தை அடைந்தவர் அவருக்கு முன் எவருமில்லை.

கூலியோ? அந்தப் பந்தயத்தில் ஒற்றை ஆட்டச் சாம்பியனுக்கு 31,50,000 ஆஸ்திரேலிய டாலர். ஜோடிக்கு 7,30,000, அதையும் இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். எட்டில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஒற்றை ஆட்டத்துக்கே கூட்டம் சேருகிறது என்பதை நாம் மறுக்கவில்லை; சமபங்கும் கேட்கவில்லை. ஆனால் இருக்கும் பங்கையும் பறிப்பது எந்த நியாயம்?

2025-ல் அமெரிக்கப் பந்தய அதிகாரிகள் கலப்பு ஜோடி ஆட்டத்தை 16 ஜோடிகளாகக் குறைத்து, எட்டு இடங்களை ஒற்றை ஆட்ட வரிசைப்படியும் மற்ற எட்டைத் தங்கள் அழைப்பின் பேரிலும் கொடுத்தார்கள். ஜயிக்கும் ஜோடிக்குப் பத்து லட்சம் டாலர்! முந்திய வருஷத்துச் சாம்பியன்களான ஸாரா எர்ரானியும் ஆண்ட்ரியா வவஸோரியும் அழைப்பின் பேரில் உள்ளே வந்து, நட்சத்திரங்களை முறியடித்து மறுபடியும் பட்டம் பெற்றனர். மெல்போர்னில் போபண்ணாவிடம் தோற்ற ஜோடியில் ஒருவரான அதே வவஸோரிதான். சாட்சியத்தை எதிர்க்கட்சியே கொண்டுவந்து கொடுத்தது போலாயிற்று.

நமக்கு இது தூரதேசத்து வழக்கன்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணாவோடு ஆடியவர் கோயமுத்தூர் ஸ்ரீ ஸ்ரீராம் பாலாஜி. டென்னிஸில் இந்தியர் பெற்ற பெரிய பட்டங்கள் அநேகமாக ஜோடி ஆட்டத்தில் வந்தவையே. ஆகவே, அகில இந்திய டென்னிஸ் சங்கத்தார் போபண்ணாவுக்கு மாலை போட்டதோடு நிற்காமல், ஜோடி ஆட்டத்தில் வரிசை பெற்றவருக்கு ஜோடிப் பந்தயத்தில் இடம் மறுக்கலாகாது என்ற கோரிக்கையைச் சர்வதேச சம்மேளனத்தின் முன் கொண்டு செல்ல வேண்டும்.