வீட்டில் இருந்து படிச்சால் கடன் கூட



ஏப்ரல் 15 வருகுது. நோர்வேயில் உயர்கல்விக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். இந்த நாட்களில் எனக்கு வருகிற மெசேஜுகளில் பாதி ஒரே கேள்விதான்: "அக்கா, நேர்சிங் எடுத்தால் அந்தச் சம்பளத்தில லோன் கட்டேலுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் ஒஸ்லோவில் குரூருடாலன் பக்கத்துப் பிள்ளைகள். துரொண்ட்ஹெய்மில் மாஸ்டர்ஸ் செய்கிற எனக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைக்கினம். எனக்குத் தெரிந்த கணக்கை இங்கே போடுகிறேன்.

வேறு நாட்டுத் தோழர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே அரச பல்கலைக்கழகங்களில், சிறிய செமஸ்டர் கட்டணம் தவிர, எங்களிடம் காசு கேட்பதில்லை. (2023 இலையுதிர்காலத்திலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கேட்கிறார்கள். ஊரிலிருந்து படிக்க வர யோசிக்கிற மச்சாளுக்கு இது வேறு கதை.) கடன் வருவது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும். அதைத் தருவது 1947இல் தொடங்கிய லோனகாசன் என்ற அரச நிதியம். படிக்கும்வரை வட்டி இல்லை. பரீட்சைகளில் சித்தியடைந்தால் 25 சதவீதம், பட்டத்தை முடித்தால் இன்னும் 15 சதவீதம் மானியமாக மாறும்.

2024–25 கல்வியாண்டில் அடிப்படைத் தொகை 151,690 குரோணர். மூன்று வருட நேர்சிங்குக்கும் அதையே வைத்தால் ஏறத்தாழ 455,000. 40 சதவீதம் கழிந்தால் மிச்சக் கடன் 273,000.

ஆனால் அந்த மானியம் பெற்றோருடன் வசிக்காதவர்களுக்கு மட்டும்தான். அம்மா அப்பாவோடு இருந்து முழுத்தொகையையும் எடுத்தால் 455,000உம் கடன். வாடகை இல்லைத்தானே என்பது அரசின் நியாயம். எங்கட வீடுகளில் பிள்ளை சும்மாவா இருக்குது? வீட்டுக்கடனில் ஒரு பங்கு போடுது, அம்மம்மாவை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகுது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்குது. பெற்றோர் வசதியானவர் என்றால் மகளுக்கு ஒரு சின்ன பிளாட் வாங்கிக் கொடுப்பார்கள், அவளுக்கு மானியமும் கிடைக்கும். பெற்றோரின் வருமானத்தை லோனகாசன் பார்ப்பதில்லை, எல்லாரும் சமம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சமத்துவம் இப்படித்தான் வேலை செய்யுது.

5 சதவீத வட்டி, 20 வருடம் என்று நான் போட்ட கணக்கில் முதல் கடனுக்கு மாதம் சுமார் 1,800 குரோணர், இரண்டாவதுக்கு 3,000. வட்டி நிலையானதும் இல்லை. 2021இல் 2 சதவீதத்துக்குக் கீழே கிடந்தது, 2024இல் 5ஐத் தாண்டியது. ஆகவே வீட்டில் இருப்பவர்கள் தேவையான அளவு மட்டும் எடுங்கோ. சினேகிதியின் விலாசத்தைக் குடுக்கிற யோசனையை விடுங்கோ. அவர்கள் சோதிப்பார்கள், பிடிபட்டால் மானியம் திரும்பக் கடனாகும்.

இனிச் சம்பளம். நேர்சுக்கு வேலை கிடைக்காத ஊர் நோர்வேயில் இல்லை. பிரச்சினை, அந்த வேலை எத்தனை சதவீதம் என்பது. முழுநேரம் கேட்டால் 60, 70 சதவீத வேலையும் "மேலதிக ஷிஃப்ட் வந்தால் கூப்பிடுறம்" என்ற பதிலும் வருவது புதிசில்லை. இங்கே தவணை உங்கட வருமானத்தோடு கூடிக் குறையாது. கட்ட முடியாவிட்டால் மொத்தம் 36 மாதம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அதே மூன்று வருடம் படித்த எஞ்சினியரை விட நேர்சுக்கு ஏன் குறைவு என்று 1912இல் தொடங்கிய தாதியர் சங்கம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பெண்கள் செய்கிற வேலை என்பதைத் தவிர ஒரு ஒழுங்கான பதிலை நான் இன்னும் கேட்கவில்லை.

இங்கிலாந்து வேறு வழி. அங்கே 2017இல் தாதிய மாணவர்களின் உதவித்தொகையை நிறுத்திக் கடனில் தள்ளினார்கள். பிறகு 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண் திரும்பக் கொடுக்க வேண்டி வந்தது. 2023இலிருந்து தொடங்கியவர்கள் 25,000 பவுணுக்கு மேற்பட்ட வருமானத்தில் 9 சதவீதம் கட்டவேண்டும், மிச்சம் அழிய 40 வருடம். சம்பளத்துக்கு ஏற்றபடி கட்டுவது நல்லதுதான். ஆனால் பென்ஷன் மட்டும் அந்தக் கடன் கூடவே வருமே.

யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று பயிற்சி. நேர்சிங் பட்டத்தில் பாதி வார்டிலும் முதியோர் இல்லத்திலும் போகும். ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 2,300 மணித்தியாலம், ஊதியம் இல்லாமல். அதற்கு மேல் சனி ஞாயிறில் வேலை செய்து வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மானியமும் குறையும்.

"காசு இல்லை" என்ற பதிலை நம்பாதேங்கோ. மாஸ்டர்ஸோடு வரும் பாடசாலை ஆசிரியர்களுக்குக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கிறார்கள். ஃபின்மார்க்கிலும் வட துரொம்ஸிலும் போயிருந்து வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் கடனில் ஒரு பகுதி, ஒரு உச்சவரம்புக்குள், அழியும். 80களிலும் 90களிலும் எங்கட ஆக்கள் எத்தனையோ பேர் மீன் வெட்டின அதே ஃபின்மார்க்தான். பிள்ளையளின்ரை படிப்புக்காக அங்கிருந்து ஒஸ்லோவுக்கு இறங்கினவை. இப்ப அந்தப் பிள்ளையளுக்குத் திரும்பி ஏறினால் கழிவாம்!

தங்கச்சி, தம்பி, நேர்சிங் விருப்பமெண்டால் எடுங்கோ. டொக்டர் ஆசைக்காகப் போலந்துக்கோ ஹங்கேரிக்கோ போய் எடுக்கிற கடனோடு பார்த்தால் இது சின்னது. கல்யாண வீட்டில் ஆரும் "ஏன் நேர்சிங்" எண்டு கேட்டால் மாதம் எவ்வளவு கட்டினம் எண்டு திருப்பிக் கேளுங்கோ. இந்தக் குழுவிடம் நான் கேட்பது இரண்டு: பயிற்சிக்கு ஊதியம், வீட்டில் இருந்து படிப்பவருக்கும் மானியம். இரண்டையும் வைத்து மாணவர் அமைப்புகளுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் நேர்சிங் படிக்கிற தோழர்கள் உங்கட கடன், தவணை, ஷிஃப்ட் கணக்கை மாத முடிவுக்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்புங்கோ.