பில் கேட்பது சட்டம் அல்ல

"பில்லு இல்லாட்டி கேஸு நிக்காது." புதுக்கோட்டை மாவட்டத்தில் தாலிச் செயினைப் பறிகொடுத்த பெண்ணிடம் உறவுக்காரர்கள் முதலில் சொல்வது இதைத்தான். படித்தவர்களும் சொல்கிறார்கள். இது தவறு, அதோடு ஆபத்தானது.

ஒருவர் வசம் இருக்கும் பொருளை அவர் சம்மதமில்லாமல் கெட்ட எண்ணத்தோடு எடுப்பதுதான் களவு. பழைய தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு சொன்னதைத்தான் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவும் சொல்கிறது. இரவல் வாங்கிப் போட்ட நகையைப் பறித்தாலும் குற்றம் குற்றமே. பழுதுபார்த்த கூலிக்கு ஈடாகக் கடைக்காரர் வைத்திருக்கும் கடிகாரத்தை, அதன் சொந்தக்காரரே பறித்துக்கொண்டு போனாலும் களவுதான் என்று சட்டமே உதாரணம் தருகிறது. ஆக, சட்டம் பார்ப்பது பொருள் யார் வசம் இருந்தது என்பதை, பில்லை அல்ல.

ஆலங்குடிப் பக்கம் அப்பத்தாவின் நகையை அழித்துப் பத்தரிடம் செய்த செயினுக்கு ஏது பில்? ஆனால் கொக்கி ஓரம் அறுந்து பற்றவைத்த இடம், ஒரு பக்கம் நசுங்கிய தாலிக்குண்டு, எல்லாம் போட்டிருந்தவளுக்குத் தெரியும். 1983இல் கர்நாடக வழக்கு ஒன்றில், தங்கள் உடைமையை அடையாளம் காண்பதில் பெண்களுக்குள்ள கூர்மையை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

பில்தான் வேண்டும் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பில்லில் இருப்பது எடையும் விலையும். நீதிமன்ற மேசையில் கிடக்கும் செயின் அந்தச் செயின்தானா என்பதை அது சொல்லாது. வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போகும்போது வழக்கறிஞர் குடைவதும் அந்த இடத்தைத்தான். முதல் தகவல் அறிக்கையில் 'எட்டுப் பவுன் செயின்' என்று மட்டும் எழுதியிருக்கும். சாட்சிக் கூண்டில் அந்தப் பெண் பற்றவைத்த இடத்தைச் சொல்வாள். அதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற ஒரே கேள்வியில் வழக்கு ஆட்டம் காணும். நகையை மீட்டபோது எழுதிய மகஜரின் சாட்சி பிறழ்ந்தால் இன்னும் மோசம். நகை உருக்கிய கட்டியாக வந்தால் பில்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரே நகைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடும்போது பில்லும் அடகு ரசீதும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அவை இல்லை என்பதற்காகப் புகாரே கொடுக்காமல் இருப்பது திருடனுக்குச் செய்யும் உதவி.

புகாரிலேயே அடையாளம் முழுவதையும் எழுதச் சொல்லுங்கள், கல்யாண போட்டோவையும் கொடுங்கள். மீட்ட நகை நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளுக்குள் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், படமும் எடுக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு. அந்தப் பட்டியலில் பற்றவைத்த இடமும் வர வேண்டும் என்று கேளுங்கள்.