வானநூற் செய்முறைத் தேர்வு

வானநூற் செய்முறைத் தேர்வில் விடையை மட்டும் நோக்கி மதிப்பெண் வழங்குதல் தகாதென்பது எமது துணிபு. அரூர் ஏறக்குறைய 12 பாகை வட அட்சத்தில் உள்ளதாகலின், துருவ நட்சத்திரமும் அங்கு அடிவானினின்று ஏறத்தாழ 12 பாகையே உயர்ந்து தோன்றும். கோணமானியில் நூலும் ஈயக்குண்டும் கட்டி அதனை அளக்கப் பணித்தால், தேசப்படம் பார்த்து 12 என்றெழுதுவோன் முழு மதிப்பெண் பெறுகிறான். 10, 13, 14 என மும்முறை அளந்து, காற்றில் நூல் ஆடிற்றென உண்மை குறித்தவனோ தோற்கிறான். பொய்க்கன்றோ பரிசளிக்கிறோம்! சவ்வாது மலைக் காவலூரில் 1986ஆம் ஆண்டு முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியால் ஆய்வோரும் தம் அளவைகளோடு பிழையளவையும் சேர்த்தே வெளியிடுவர். நம் மாணாக்கரின் குறிப்பேட்டிற்கும் பாதி மதிப்பெண் தருக. கன்னியாகுமரியில் அவ்வுயரம் 8 பாகையாகக் குறைவதேன் என வாய்மொழியாகவும் வினவுக. ஆசிரியர்க்கு வேலை மிகும்; அறிவோம்.