அடுப்படி வழியே ஒரு பழைய ஊர்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஆர்மீனியன் தெரு என்றொரு தெரு இருக்கிறது. 2012-ல் எர்னெஸ்ட் ஜகரேவிச் என்ற லித்துவேனிய ஓவியர் அங்கே ஒரு சுவரில், சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். பிள்ளைகள் ஓவியம், சைக்கிள் மட்டும் நிஜம். அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்ள வெயிலிலும் வரிசை நிற்கிறது. வரிசையில் நிற்பவர்கள் அடுத்து கூ கொங்சி என்ற சீனக் குலக்கோயிலுக்குப் போவார்கள், பிறகு பச்சை நிறப் பெரானாக்கான் மாளிகை, அதன் பிறகு மரக்கால்களின் மேல் கடலுக்குள் நிற்கும் சூ குலத்தாரின் துறை வீடுகள். மாலைக்குள் ஊர் முடிந்துவிடும்.

நான் அப்படிப் பார்ப்பதை விரும்பவில்லை. பழைய ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டு அடுப்படியில் அரை நாளாவது உட்கார வேண்டும். தெருவெல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கின் எங்கள் அனுமந்தன்பட்டிக்காரர்களுக்குப் பினாங்கு ரொம்பத் தூரமில்லை. கம்பத்திலிருந்து பஸ் பிடித்துத் திருச்சி போனால் கோலாலம்பூருக்கு நேரடி விமானம். அங்கிருந்து பினாங்கு பக்கம். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கே நேராக ஒரு விமானமும் விட்டார்கள். ஊரில் இறங்கினால் மொழி தெரியாத இடத்துக்கு வந்த தவிப்பும் இருக்காது. குயின் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில், சூலியா தெரு முனையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், பினாங்கு தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் என்று பத்து நிமிட நடைக்குள் நம் ஆட்கள் வாழ்ந்த தடம் முழுவதும் கிடக்கிறது. அதே வட்டாரத்தில்தான் 1818-ன் புனித ஜார்ஜ் தேவாலயமும், சீனர்கள் ஊதுவத்திக் கட்டுகளோடு போய் வணங்கும் குவான் யின் கோயிலும்.

வீட்டுச் சமையல் வகுப்புக்கு அங்கே ஒரு வழக்கமான ஒழுங்கு உண்டு. காலையில் சந்தை, பிறகு அடுப்படி, பிறகு சாப்பாடு. பேர்லி கீ என்ற நியோன்யா சமையல்காரர் தன் வீட்டிலேயே இதைச் சொல்லித்தந்து பெயர் பெற்றவர், புத்தகமும் எழுதியிருக்கிறார். ஜார்ஜ் டவுனுக்குள் நஸ்லினா ஹுசேன் என்பவர் சந்தைக்குக் கூட்டிப்போய்விட்டுச் சமைக்கவைக்கிறார். நான் போனது இவ்வளவு பெயர் பெறாத ஒரு ஆண்ட்டியின் வீட்டுக்கு. சீன வம்சம். கொள்ளுப்பாட்டி காலத்திலிருந்தே சாரம் கட்டிக்கொண்டு, மலாய் கலந்து பேசி, கையால் சோறு பிசைந்து உண்ட குடும்பம். சீன வணிகர்கள் இந்த மண்ணில் வேரூன்றிய வீடுகளில் பிறந்த சமையலைத்தான் நியோன்யா சமையல் என்கிறார்கள்.

சந்தையில் ஆண்ட்டி எதையும் விளக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். எலுமிச்சைப்புல், பேரரத்தை, பச்சை மஞ்சள், நார்த்தை இலை மாதிரி மணக்கும் ஒரு இலை, இளஞ்சிவப்பு மொட்டாக ஒரு இஞ்சிப்பூ. அடுத்த கடையில் பெலாச்சான். பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து இடித்த கட்டி. எங்களோடு வந்த ஐரோப்பியத் தம்பதி மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வாரச்சந்தையில் கருவாட்டு வரிசையைக் கடந்தே வளர்ந்த எனக்கு அந்த வாசனை பிறந்த வீட்டு வாசனை. அதற்கடுத்து, காய்ந்து சுருண்ட வில்லைகளாக ஒரு புளி. குமுளிக் கடைகளில் கறுப்பாகத் தொங்குமே குடம்புளி, அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு மரத்தின் காய். மீனை வேகவைத்து உதிர்த்துச் செய்யும் பினாங்கின் அசாம் லக்சாவுக்குப் புளிப்பு தருவது இதுவும் நம் புளியும்தான்.

அடுப்படிக்குள் போனதும் தரையில் ஓர் அம்மி. கருங்கல் பலகையும் உருட்டுக் குழவியும் அப்படியே நம் வீட்டுக் கல். மிக்ஸியும் மேடைமேல் இருந்தது. ஆனாலும் இந்த மசாலாவை இதில்தான் அரைக்க வேண்டும் என்றார் ஆண்ட்டி. அரைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. நார் உள்ளது முதலில்: எலுமிச்சைப்புல், பேரரத்தை, மஞ்சள். பிறகு ஊறவைத்த வரமிளகாய். பிறகு எண்ணெய்ப்பசை மிகுந்த ஒரு கொட்டை. அதைப் பச்சையாக வாயில் போடக்கூடாது, வயிற்றுக்கு ஆகாது என்று கையைப் பிடித்துத் தடுத்தார். தண்ணீர் விடும் சின்ன வெங்காயம் கடைசிக்குக் கிட்ட, சுட்ட பெலாச்சான் எல்லாவற்றுக்கும் பின்னால். வெங்காயத்தை முன்னாலேயே போட்டால் குழவி வழுக்கும், நார் அரைபடாது. இது எங்கள் அம்மாச்சி சொன்ன அதே காரணம். மசாலாவை அடுப்பில் ஏற்றி, தீயைக் குறைத்து, பொறுமையாக வதக்கி, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை நிற்கச் சொன்னார். எங்கள் பக்கம் அதை எண்ணெய் கக்கணும் என்பார்கள். அதற்கப்புறம்தான் கோழி, தேங்காய்ப்பால். அன்றைக்குச் செய்தது கப்பித்தான் கறி.

சாப்பிட்டுவிட்டு மத்தியானம் நடக்கப் போனபோது ஊர் வேறாக இருந்தது. காலையில் சந்தையில் முகர்ந்தவை எல்லாம் தெருக்களில் எனக்குச் சொந்தக்காரர்களைப்போல எதிரே வந்தன. சௌராஸ்டா சந்தைப் பக்கம் ஜாதிக்காயின் சதையை ஊறவைத்து விற்கிறார்கள். ஊருக்கு ஒதுங்கிய குன்றுகளில் ஜாதிக்காய்த் தோட்டம் போட்டது ஆங்கிலேயக் கம்பெனி. 1786-ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கிய பிறகு கப்பல் வந்தது, கப்பலோடு மூட்டை தூக்குபவர்கள் வந்தார்கள், தூக்குபவர்களுக்குச் சோறு போட ராமநாதபுரக் கடற்கரைப் பக்கத்து ராவுத்தரும் மரைக்காயரும் வந்தார்கள். தோளில் கம்பு, கம்பின் ஒரு முனையில் சோற்றுப்பானை, மறுமுனையில் குழம்புப்பானை. துறைமுகத்தில் கூவி விற்ற அந்தச் சோறுதான் இன்று மலேசியா முழுவதும் நாசி கண்டார். கேம்பல் தெருவில் ஹமீதியா என்ற கடை 1907-லிருந்து அதை விற்கிறது. மீன் குழம்பு, கோழிக் குழம்பு, வெண்டைக்காய்க் குழம்பு எல்லாவற்றையும் ஒரே தட்டில் வெள்ளமாக ஊற்றச் சொல்லி உண்ணும் பழக்கம் சுமைகூலிகளின் அவசரத்தில் பிறந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2024-ல் யுனெஸ்கோ மலேசியாவின் காலைச் சாப்பாட்டுப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், தே தாரிக்கோடு நம் ஆட்கள் கொண்டுபோன பரோட்டாவின் தம்பி ரொட்டி சனாயும் அதில் இருக்கிறது.

இதில் என் மனதை அறுப்பது ஒன்று. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலக மரபு நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதற்கு எட்டு வருஷம் முன்பே ஊரின் உள்பகுதி காலியாகத் தொடங்கியிருந்தது. 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்றக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. தையல்காரர், தட்டார், பலகாரம் செய்பவர், பாய் முடைபவர் எல்லாரும் அந்தக் குறைந்த வாடகையில்தான் மேலே குடியிருப்பு, கீழே கடை என்று தலைமுறையாக இருந்தார்கள். 1997-ல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவெடுத்தார்கள். 2000 ஜனவரி 1-லிருந்து நீக்கம் முழுதாக நடைமுறைக்கு வந்தது. வாடகை ஏறியது, குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போயின. மரபுப் பட்டியலில் பெயர் வந்ததும் காலியான வீடுகள் தங்கும் விடுதியாகவும் காப்பிக்கடையாகவும் மாறின. ஓடு, சாளரம், வாசல் எல்லாம் பழையபடி திருத்தமாக நிற்கின்றன. அடுப்பு அணைந்துவிட்டது. கட்டடத்துக்குப் போடும் பாதுகாப்பு அடுப்புக்கு இல்லை. சுவரை மாற்றிக் கட்ட அனுமதி வேண்டும், அந்தச் சுவருக்குள் நூறு வருஷமாகக் கொதித்த குழம்பு நின்றுபோக யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

அதனால்தான் வீட்டுச் சமையல் வகுப்பைச் சுற்றுலாவின் துணுக்குச் சரக்காக என்னால் நினைக்க முடியவில்லை. ஆண்ட்டியின் மகள்கள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அம்மியை அவர்கள் தொட்டதில்லை. அந்த மசாலா வரிசையை இன்று ஆண்ட்டி தினமும் செய்வது எங்களைப் போன்றவர்கள் காசு கொடுத்து வந்து உட்காருவதால்தான்.

வியட்நாமின் ஹோய் அன் நகரத்திலும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. 1999-லேயே உலக மரபு நகரமான இடம் அது. அங்கேயுள்ள ஜப்பானியப் பாலத்தை அந்நாட்டின் 20,000 டாங் நோட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். நகருக்கு வெளியே சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் ட்ரா கே என்ற கீரைக் கிராமம். வருகிறவர்களைப் பாத்தியில் இறக்கி, பூவாளியால் தண்ணீர் ஊற்றவைத்து, பறித்த கீரையை வைத்தே சமைக்கச் சொல்லித்தருகிறார்கள். 2024-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தது. பழைய நகரத்துக்கு வந்த கூட்டத்தின் பணம் பக்கத்து விவசாயி வீட்டு அடுப்படிக்கும் போய்ச்சேர்ந்தது, எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

நம் ஊரில்? காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் ‘பங்களா’வைத் தொடங்கி செட்டிநாட்டுச் சமையலைக் கற்கவும் ஆட்கள் வரும்படி செய்தார். கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த வீடுகளின் குழம்பும் தெரிந்தது. பர்மா போய் வந்த வீடுகளில் கவுனி அரிசி ஏன் விசேஷச் சாப்பாடாக இருக்கிறது என்பதை பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் பார்த்தால் தெரியாது, இலையில் விழுந்தால் கேட்கத் தோன்றும்.

எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். மேலே கேரள எல்லைக் குமுளியில் வீட்டுக்கு வீடு சமையல் வகுப்புப் பலகை தொங்குகிறது. தேக்கடிக்கு வரும் வெளிநாட்டார் காலையில் படகு, மத்தியானம் யாராவது ஒரு சேச்சி வீட்டில் அவியலும் மீன் கறியும் என்று பழகிவிட்டார்கள். அவர்களையே ஜீப்பிலும் மாட்டுவண்டியிலும் தமிழ்நாட்டுப் பக்கம் இறக்கிக்கூட்டி வருகிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சையை ஒரு தோட்டத்தில் பார்த்து, பந்தலுக்குக் கீழே நின்று படம் எடுத்து, ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மலை ஏறிவிடுகிறார்கள். ஒரு வேளைச் சோறுகூட இங்கே உண்பதில்லை.

பார்க்க ஒன்றுமில்லாத ஊரா இது? உத்தமபாளையத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள், அருகே வட்டெழுத்து. ஊருக்குள் காளாத்தீஸ்வரர் கோயில். இந்தப் பக்கம் சின்னமனூர், பாண்டியர் செப்பேட்டால் வரலாற்றுப் புத்தகத்தில் ஏறிய ஊர். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் இறங்கி இந்த மண்ணை இருபோகம் விளையவைக்கிறது. நம் வீடுகளில் உளுந்தங்களியும் கேப்பைக்களியும், கொள்ளு ரசமும், வாழைத்தண்டு வெஞ்சனமும் ஆனது இந்தத் தண்ணீருக்கு மேலும் கீழும் உள்ள நிலத்தை வைத்துத்தான். வாய்க்கால் பாயும் பக்கம் நெல், பாயாத மேட்டில் கேப்பையும் சோளமும் மொச்சையும். இதை ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க முல்லைப் பெரியாற்றங்கரையில் நிறுத்திப் பேசுவதைவிட, களியையும் சோற்றையும் ஒரே இலையில் வைப்பது சுலபம்.

நம் அடுப்படியிலும் இப்படி ஒரு வகுப்பு நடத்தலாம் என்று எங்கள் தெருப் பெரியம்மாவிடம் சொன்னேன். “நம்ம சோத்தப் படிக்க அவுக கடல் தாண்டி வருவாகளாக்கும்? போடி” என்றார். ஆண்ட்டியின் அம்மியைப் படம் எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “கல்லைக் கொத்திப் பல வருசமாச்சு போல. கொத்தச் சொல்லு அவள” என்றார்.

இந்த வகுப்பை இங்கே செய்வதானால் சில விஷயங்களில் நான் பிடிவாதமாக இருப்பேன். நாலைந்து பேருக்கு மேல் ஒரு அடுப்படிக்குக் கூடாது, அதற்கு மேல் போனால் வந்தவர்கள் வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆகிவிடுவார்கள். காசு ஜீப்காரரிடமோ விடுதியிடமோ போகாமல் சமைக்கிற பெண்ணின் கைக்கு நேராக வரவேண்டும். மகளிர் குழுக்கள் ஏற்கெனவே வரவு செலவு எழுதிப் பழகியவை, அவர்கள் பொறுப்பில் இது நன்றாக நடக்கும். அயல்நாட்டார் நாக்குக்காகக் காரத்தைக் குறைக்கலாம், கருவாட்டை ஒளிக்கக்கூடாது. கழிப்பறையும் குடிதண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும், அதற்கு ஆரம்பத்தில் கொஞ்சம் பணம் வேண்டும், மாவட்டச் சுற்றுலாத் துறை அதையாவது செய்யலாம். காலையில் பாறைச் சிற்பம், வெயில் ஏறுமுன் சந்தை, பதினொரு மணிக்கு அம்மி, பசி எடுத்தபோது இலை, சாயங்காலம் ஆற்றங்கரையும் திராட்சைப் பந்தலும்.

குமுளி ஜீப்காரத் தம்பி ஒருவர் தை மாதம் முதல் ஆட்களைக் கூட்டிவர ஒத்துக்கொண்டிருக்கிறார். தையில் பச்சை மொச்சை வரும், ஆகவே மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பு உறுதி. களி கிண்ட ஆள் பலம் வேண்டுமே என்று நான் இழுத்தேன். வந்தவர்களையே கிண்டச் சொல்வோம், அதுக்குத்தானே காசு கொடுத்து வர்றாக என்கிறார் பெரியம்மா.